சும்மா சுற்றிய சக்கரம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவன் மனம் நோகக் கூடாதே என்பதற்காகச் சொன்ன மரியாதை வார்த்தை அது. ஆனால் மாட்டுக்காரன் ஒருவன், "இந்த மாடு புல் தின்னாது, தண்ணீர் குடிக்காது, இருந்தாலும் ஆயுசு பூராவும் செக்கு இழுக்கும். பார்க்க வேண்டுமானால் ஆளுக்கு இவ்வளவு கட்டணம், வாங்க வேண்டுமானால் அதற்குத் தனி விலை" என்று தண்டோராப் போட்டால் என்ன செய்வது? அப்போதும் பல்லைப் பார்க்காமல் இருந்தால் அதற்கு மரியாதை என்று பெயரில்லை. அசட்டுத்தனம் என்றுதான் பெயர்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1813-ஆம் வருஷம் ஒரு மனிதர் அப்படிப்பட்ட மாடு ஒன்றின் பல்லைப் பார்த்துவிட்டார். மாடு என்றால் நாலு கால் மாடு அல்ல. பல் சக்கரங்கள் வைத்த ஒரு யந்திரம். அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த மாதிரி யந்திரங்களின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு தடவை தள்ளிவிட்டால் போதும். பிறகு நெருப்போ, நீரோ, காற்றோ, மாடோ, மனிதனோ உதவிக்கு வராமல் தானாகவே என்றென்றைக்கும் ஓட வேண்டும். ஓடுவதோடு நில்லாமல் மாவரைப்பது, தண்ணீர் இறைப்பது முதலிய வேலைகளையும் செய்து கொடுக்க வேண்டும். இப்படி ஒரு 'நித்திய இயக்க யந்திரம்' செய்துவிட முடியும் என்ற ஆசை மனிதனுக்கு ரொம்ப காலமாக இருந்து வந்திருக்கிறது. அந்த ஆசையில் நம் தேசத்துக்கும் பங்கு உண்டு. 1150-ஆம் வருஷத்தில் பாஸ்கராசாரியர் இயற்றிய 'சித்தாந்த சிரோமணி'யில், ஆரக்கால்களைக் குழாயாகச் செய்து, அவற்றில் பாதிக்குப் பாதரசம் நிரப்பி வைத்தால் தானே சுழலும் சக்கரம் ஒன்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் வில்லார் த ஒனகூர் என்ற கட்டடக் கலைஞர், விளிம்பைச் சுற்றிலும் சுத்தியல்களைத் தொங்கவிட்ட ஒரு சக்கரத்தைத் தம் குறிப்புப் புத்தகத்தில் வரைந்து வைத்தார்.

இரண்டிலும் தத்துவம் ஒன்றுதான். சக்கரத்தின் ஒரு பக்கம் எப்போதும் கனமாகவே இருக்கும்படி செய்துவிட்டால் அது விழுந்துகொண்டே இருக்கும். விழுந்துகொண்டே இருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சக்கரம் இந்த நியாயத்தை ஒப்புக்கொள்வதில்லை. இறங்குகிற பக்கத்துக் குண்டுகள் நடுவிலிருந்து எட்டி நிற்கின்றன. ஆகையால் அவற்றுக்கு இழுப்பு அதிகம். உண்மைதான். ஆனால் ஏறுகிற பக்கத்தில் குண்டுகளின் எண்ணிக்கை அதிகமாகிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் சரிக்குச் சரி. நாம் தள்ளிவிட்ட வேகம் அச்சின் உராய்விலே கரைந்து போனதும் சக்கரம் நின்றுவிடுகிறது. கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரை மேலே இழுக்க எவ்வளவு உழைப்பு செலவாயிற்றோ, அந்தக் குடம் திரும்பக் கீழே இறங்கும்போது அதற்கு மேல் ஒரு தம்பிடி கூடத் திருப்பித் தராது. நடுவிலே ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டு தன் பங்கையும் எடுத்துக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்கைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியவர்கள் சக்தியின் அழியாமை விதி என்று எழுதி வைத்தார்கள்.

விதி எழுதப்படுவதற்கு முன்பே அனுபவம் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டது. 1775-ஆம் வருஷம் பாரிஸிலுள்ள விஞ்ஞானக் கழகத்தார், நித்திய இயக்கம் என்று சொல்லிக்கொண்டு வரும் எந்த யந்திரத்தையும் இனிமேல் பரிசோதிப்பதில்லை என்று தீர்மானம் செய்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று கருணையால் வந்தது. இந்தப் பைத்தியத்தினால் பல குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. நல்ல வேலைக்காரர்கள் தங்கள் பணத்தையும் காலத்தையும் புத்தியையும் இதிலே தொலைத்துவிட்டார்கள் என்றார்கள். சொத்தை விற்று, மனைவியின் நகையை விற்று, கொட்டகையில் உட்கார்ந்து இரவு பகலாகச் சக்கரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்த அந்த மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஏமாற்றியது தங்களைத்தான். சக்கரம் நின்றபோதெல்லாம் அவர்கள் முதலில் திட்டியதும் தங்களைத்தான்.

ஆனால் வேறொரு ஜாதி உண்டு. அவர்களுடைய சக்கரம் நிற்பதே இல்லை. எவ்வளவு பேர் வந்து பார்த்தாலும் ஓடும். அங்கேதான் சந்தேகம் ஆரம்பமாக வேண்டும்.

இந்த ஜாதியின் மூல புருஷர் என்று ஜெர்மனியைச் சேர்ந்த யோகான் பெஸ்லர் என்பவரைச் சொல்லலாம். எழுத்துக்களை வட்டமாக எழுதி, தம் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் நேர் எதிரே இருந்த எழுத்தைப் பொறுக்கிக் கோத்து, அதற்கு லத்தீன் வாலும் ஒட்டி, 'ஓர்பிரேயுஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டவர் அவர். பெயரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டவருக்குச் சக்கரம் எம்மாத்திரம்! 1712-ஆம் வருஷத்திலிருந்து ஊர் ஊராகத் தானே சுற்றும் சக்கரங்களைக் காட்டி வந்தார். ஹெஸ்ஸே-காஸல் பிரபு கார்ல் அவருக்குப் பதவி கொடுத்து ஆதரித்தார். பிரபுவின் அரண்மனையிலே 12 அடி குறுக்களவுள்ள ஒரு பெரிய சக்கரத்தை ஓர்பிரேயுஸ் அமைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபடி மெழுகு துணியால் மூடியிருந்தது.

1717 நவம்பர் 12-ஆம் தேதி சக்கரத்தைச் சுற்றவிட்டு, அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடியும் முத்திரை. 1718 ஜனவரி 4-ஆம் தேதி திறந்து பார்த்தார்கள், அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று ஐரோப்பா முழுவதும் பேச்சாகிவிட்டது. ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டருக்குக் கூட அதன் பேரில் கண் விழுந்தது.

ரகசியத்துக்கு ஓர்பிரேயுஸ் கேட்ட விலை ஒரு லட்சம் தாலர். பணத்தை முதலில் கொடுங்கள், பிறகு திறந்து காட்டுகிறேன் என்றார். வாங்க வந்தவர்கள், முதலில் காட்டுங்கள், பிறகு பணம் தருகிறோம் என்றார்கள். 1721-ல் ஹாலந்து தேசத்துப் பேராசிரியர் கிராவெசாண்டே வந்து வெளியிலிருந்தபடியே அச்சையும் தாங்கிகளையும் பார்த்தார். மோசடி ஒன்றும் தென்படவில்லை என்று அவர் நினைத்தார். நியூட்டனுக்குக் கடிதமும் எழுதினார். ஓர்பிரேயுஸுக்கோ அந்தப் பரிசோதனையே பொறுக்கவில்லை. காசு கொடுக்காமல் ரகசியத்தைத் திருடப் பார்த்தார்கள் என்று கோபித்துக்கொண்டு, தம் சக்கரத்தைத் தாமே அடித்து நொறுக்கிவிட்டார். பேராசிரியரின் துடுக்குத்தனமே காரணம் என்று சுவரில் எழுதியும் வைத்தார்.

ஆறு வருஷம் கழித்து, 1727 நவம்பரில், அந்த வீட்டு வேலைக்காரி வாக்குமூலம் கொடுத்தாள். சக்கரம் தானாக ஓடவில்லை, பக்கத்து அறையிலிருந்து கையால் சுற்றினோம், எஜமானரும் அவர் மனைவியும் அவர் தம்பியும் நானும் முறை வைத்துக்கொண்டு சுற்றினோம், வெளியே சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள் என்றாள்.

பேராசிரியருக்கு இது காதில் விழுந்தது. யந்திரங்களைப் பற்றி ஒரு வேலைக்காரி சொல்வதைத் தாம் பொருட்படுத்துவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார்! அவர் சிறந்த விஞ்ஞானி, அதில் சந்தேகமில்லை. வேலைக்காரி சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சக்கரம் நொறுங்கிப் போய்விட்டதால் ஒத்துப் பார்க்கவும் வழியில்லை. ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தப் பெண்ணுக்கு யந்திர சாஸ்திரம் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றியதில் தன் கை வலித்ததா இல்லையா என்பது கூடவா அவளுக்குத் தெரியாது?

இனிமேல் பிலடெல்பியாவுக்கு வரலாம்.

அங்கே 1812-ஆம் வருஷத்தில் சார்ல்ஸ் ரெட்ஹெபர் என்பவர் ஷுயில்கில் நதிக்கரையருகே ஒரு வீட்டில் தம் யந்திரத்தைக் காட்சிக்கு வைத்தார். காலமும் ஊரும் அவருக்கு அனுகூலமாக இருந்தன. நீராவி யந்திரம் புதிதாக வந்து எல்லாரையும் பிரமிக்க வைத்திருந்த சமயம் அது. பிலடெல்பியா நகரத்துக்கு ஆற்றுத் தண்ணீரை ஏற்றிக் கொடுக்க 1801 முதலே நீராவி யந்திரங்கள் வைத்திருந்தார்கள். அவை ராட்சஸன் மாதிரி விறகை விழுங்கின. விறகும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம், ஒரு முறை ஓட்டிவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னால் நகரத்தாருக்கு நாக்கில் ஜலம் ஊறாதா?

யந்திரத்தின் அமைப்பு இதுதான்: நடுவில் நிமிர்ந்த ஓர் அச்சு, அதன் அடியில் படுக்கை வசமாகச் சுழலும் பெரிய பல் சக்கரம், அதன் மேல் சாய்வுப் பலகைகள், பலகைகளின் மேல் பாரம். பாரம் சாய்வில் இறங்கப் பார்க்கிறது. அந்த நெருக்குதலால் பெரிய சக்கரம் சுழல்கிறது. அதன் பற்களோடு கோத்துக்கொண்டிருக்கும் சின்னச் சக்கரத்தையும் சுழற்றுகிறது. சின்னச் சக்கரம் வெளி வேலை செய்கிறது. ரெட்ஹெபர் சொன்ன வியாக்கியானம் இப்படி. ஜனங்கள் கட்டணம் கொடுத்து வந்தார்கள், பார்த்தார்கள், தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள். காசு பெருகிற்று. அதோடு திருப்தியடைந்து இருந்திருந்தால் ரெட்ஹெபர் சௌக்கியமாகக் காலம் தள்ளியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? இதைவிடப் பெரிய யந்திரம் கட்டுவதற்குப் பொதுப் பணத்திலிருந்து உதவி வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார்.

பொதுப் பணம் என்றதும் பரிசோதகர்கள் வந்தார்கள். 1813 ஜனவரி 21-ஆம் தேதி எட்டுப் பேர் யந்திரத்தைப் பார்க்கப் போனார்கள். போனால் அறைக் கதவு பூட்டியிருந்தது. சாவியைக் காணவில்லையாம்! கம்பி போட்ட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். யாராவது தொட்டால் யந்திரத்துக்குச் சேதம் வந்துவிடும் என்பது ரெட்ஹெபரின் கவலை.

பரிசோதகர்களில் ஒருவர் நேதன் செல்லர்ஸ். காகிதம் செய்கிற அச்சுகளுக்குக் கம்பி வலை பின்னுவதில் அவர் பிரசித்தி பெற்றவர். கூடத் தம் பிள்ளை கோல்மன் செல்லர்ஸையும் அழைத்துப் போயிருந்தார். எட்டுப் பேரும் ஜன்னலுக்கு வெளியே நின்று, யந்திரம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடத்தான் ஓடிற்று. கோல்மன் அதைப் பார்க்கவில்லை. பல்லைப் பார்த்தார்.

இரண்டு பல் சக்கரங்கள் கோத்துக்கொண்டு ஓடும்போது, எது தள்ளுகிறதோ அதன் பல்லின் முன் முகம் தேயும். எது தள்ளப்படுகிறதோ அதன் பல்லின் பின் முகம் தேயும். படியேறிப் படியேறி எந்தப் பக்கம் செருப்புத் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே நடையைச் சொல்லிவிடுகிற சக்கிலியர்கள் நம் ஊரில் இருந்தார்கள், அது போலத்தான். ரெட்ஹெபர் சொன்னபடி பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தைத் தள்ளுவதாக இருந்தால் பற்கள் ஒரு விதமாகத் தேய்ந்திருக்க வேண்டும். கோல்மன் கண்ணுக்குத் தெரிந்த தேய்மானம் அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. அதாவது, வேலை வாங்குவதாகச் சொன்ன சின்னச் சக்கரம்தான் பெரிய சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. குதிரை வண்டியை இழுக்கவில்லை. வண்டிதான் குதிரையை இழுத்தது.

தேய்ந்த பல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் தேய்மானத்தைப் பற்றி ஊராரிடம் பிரசங்கம் செய்தால் எத்தனை பேருக்குப் புரியும்? நேதன் செல்லர்ஸ் விவேகி. அவர் ரெட்ஹெபரோடு வாதத்துக்குப் போகவில்லை. ஐசாயா லூக்கன்ஸ் என்ற கடிகாரக் கலைஞரிடம் போனார். பிற்காலத்தில், 1828-ல், பிலடெல்பியா அரசாங்க மாளிகைக் கோபுரத்துக்குக் கடிகாரம் செய்து கொடுத்த மகா கெட்டிக்காரர் இவர். ரெட்ஹெபர் யந்திரத்தைப் போலவே ஒன்று செய்து தரும்படி கேட்டார் செல்லர்ஸ்.

லூக்கன்ஸ் செய்தது சின்ன யந்திரம். ஆனால் பெரியதைவிட அழகு. அடிப்பலகைக்குள்ளே ஒரு கடிகார வில்லை ஒளித்து வைத்தார். அதற்குச் சாவி கொடுப்பது எப்படி? மரச் சட்டத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த குமிழே சாவி! துடைப்பது போலவும் சரி செய்வது போலவும் ஒரு திருகுத் திருகினால் போதும். பிறகு ரெட்ஹெபரையே அழைத்து அதைக் காட்டினார்கள். அவருக்கு மூச்சு நின்றுவிடும் போல ஆகிவிட்டது. உலகத்தில் எல்லாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும், இது நடக்காத காரியம் என்று. ஆனால் இதோ கண்ணெதிரே நடக்கிறதே! தனியாகக் கூப்பிட்டு, இந்த ரகசியத்தைச் சொன்னால் பணம் தருகிறேன் என்று பேரம் பேசினாராம்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். தாம் செய்த பொய் வேறொருவர் கையில் ஓடுவதைக் கண்டதும் பொய்யரே அதை மெய் என்று நம்பிவிட்டார். கண்ணால் கண்டதே மெய் என்ற மயக்கம் அவரைக் கூட விடவில்லை. கட்டணம் கொடுத்துப் பார்த்த பிலடெல்பியாக்காரர்களை நாம் எப்படிக் குறை சொல்வது? லூக்கன்ஸ் செய்த யந்திரம் பிற்காலத்தில் பிலடெல்பியாவிலுள்ள பிராங்க்ளின் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பிலடெல்பியாவில் சாயம் வெளுத்ததும் ரெட்ஹெபர் நியூயார்க்குக்குப் போனார். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு போனாரே தவிர, பழைய கதையை எடுத்துப் போகவில்லை. அங்கேயும் கூட்டமான கூட்டம். 1813-ல் அந்த நகரத்தில் ராபர்ட் புல்டன் இருந்தார். 1807-ல் ஹட்ஸன் நதியில் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரைக்கும் நீராவிப் படகு விட்டுப் புகழ் பெற்றாரே, அவரேதான். இந்த வேடிக்கையைப் பார்க்க அவருக்கு இஷ்டமே இல்லை. சிநேகிதர்கள் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார்கள்.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். திரிகையைக் கையால் சுற்றும்போது அதன் ஓசை ஒரே சீராக இராது. கை முன்னே தள்ளும்போது ஓசை ஓங்கும். வளைந்து திரும்பும்போது தாழும். அடுத்த அறையிலிருந்து கேட்டாலே, ஒருவர் அரைக்கிறார் என்று சொல்லிவிடலாம். அறைக்குள் நுழைந்த புல்டன் காதில் விழுந்தது அந்த ஏற்ற இறக்கந்தான். ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் ஓரிடத்தில் வேகமாகவும் மற்றோரிடத்தில் மெதுவாகவும் போயிற்று. பாரத்தினால் ஓடும் சக்கரத்துக்கு அந்தத் தடுமாற்றம் ஏன் வர வேண்டும்? எங்கேயோ ஒரு கை கைப்பிடியைச் சுற்றுகிறது என்று அவர் அங்கேயே உரக்கச் சொல்லிவிட்டார்.

ரெட்ஹெபர் கூச்சல் போட்டார். புல்டன் கூட்டத்தைப் பார்த்து, "நான் இதை உடைத்துக் காட்டுகிறேன், தப்பு என்றால் நஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறேன்" என்ற பாவனையில் ஒப்பந்தம் பேசினார். யந்திரத்தின் சட்டத்திலிருந்து சுவருக்கு இரண்டொரு மெல்லிய மரச் சலாகைகள் போயின. அசையாமல் இருக்க முட்டுக் கொடுத்தவை போலத் தோன்றும். புல்டன் அவற்றைத் தட்டி எடுத்தார். உள்ளே நரம்புக் கயிறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது!

கயிற்றைப் பிடித்துக்கொண்டே கூட்டம் போயிற்று. கயிறு சுவருக்குள் புகுந்து, மேல் மாடித் தளத்தின் அடியாக ஓடி, பின்பக்கத்துப் பரணுக்குப் போய்ச் சேர்ந்தது. கதவை உடைத்தார்கள். உள்ளே நீண்ட தாடியுடன் ஒரு கிழவர், வெகு காலம் சிறையில் கிடந்தவர் போன்ற கோலத்துடன், முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே நடந்த அமர்க்களம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஒரு கையில் காய்ந்த ரொட்டித் துண்டு, அதைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஜனங்கள் யந்திரத்தைத் தூள் தூளாக்கினார்கள். ரெட்ஹெபர் ஓடிப்போனார். புல்டனின் நண்பரும் பிற்பாடு நியூயார்க் மேயராக இருந்தவருமான காட்வாலடர் கோல்டன், 1817-ல் எழுதிய புல்டன் சரித்திரத்தில் இதையெல்லாம் விவரித்திருக்கிறார். அதற்குப் பிறகும், 1820-ல், 'சக்தி பெருக்கும்' சாதனம் ஒன்றுக்கு அமெரிக்க சர்க்காரிடம் ரெட்ஹெபர் காப்புரிமை வாங்கிக்கொண்டார் என்றால் அந்த மனிதரின் விடாமுயற்சியை மெச்சத்தான் வேண்டும்.

ஊராரும் அவருக்குச் சளைத்தவர்கள் அல்ல. அதே பிலடெல்பியா நகரத்தில், அறுபது வருஷம் கழித்து, ஜான் கீலி என்பவர் தண்ணீரிலிருந்து அபார சக்தியை எடுப்பதாகச் சொல்லிக் கம்பெனி ஆரம்பித்தார், பங்கு விற்றார். கனவான்கள் வந்து பார்த்து வியந்தார்கள். ஒரு பணக்கார விதவை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். ரகசியத்தைச் சொல்லும்படி கோர்ட்டார் உத்தரவிட்டும் சொல்லாமல் 1888-ல் ஜெயிலுக்குக் கூடப் போய் வந்தார் கீலி. 1898-ல் அவர் இறந்தார். மறு வருஷம் அவருடைய கூடத்தின் தளத்தைப் பெயர்த்துப் பார்த்தார்கள். அடியில் மூன்று டன் கனமுள்ள ஓர் இரும்புக் கோளமும் குழாய்களும் இருந்தன. அழுத்திய காற்றை அடைத்து வைக்க அவை என்று பரிசோதித்தவர்கள் முடிவு கட்டினார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தத் தளத்தின் மேல் நின்று ஆச்சரியப்பட்டவர்களில் ஒருவருக்கும் காலுக்குக் கீழே பார்க்கத் தோன்றவில்லை.

இதெல்லாம் பழங்காலத்து அறியாமை என்று நாம் பெருமூச்சு விட வேண்டியதில்லை. 2006-ஆம் வருஷத்தில் அயர்லாந்தில் 'ஸ்டியோர்ன்' என்ற கம்பெனியார், செலவில்லாத சக்தி கண்டுபிடித்துவிட்டதாகப் பத்திரிகையில் பெரிய விளம்பரம் கொடுத்தார்கள். 2007 ஜூலையில் லண்டனில் எல்லாருக்கும் காட்டப் போவதாகச் சொன்னார்கள். அந்த நாள் வந்தபோது, விளக்குகளின் சூட்டினால் யந்திரம் கெட்டுவிட்டது என்று காட்சியை நிறுத்திவிட்டார்கள். ரெட்ஹெபரின் தொலைந்துபோன சாவிதான், வேறென்ன? அந்தக் கம்பெனி தானே கூட்டிய நிபுணர் சபையும் 2009-ல், சக்தி உண்டாவதாகக் காட்டப்படவில்லை என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லிற்று.

இப்படிச் சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்து ஒரு கேள்வி எப்போதும் கேட்கப்படுகிறது. "புதிதாக எது வந்தாலும் முதலில் சிரிக்கத்தானே செய்தீர்கள்? நீராவிப் படகைப் பார்த்துச் சிரிக்கவில்லையா?" வாஸ்தவம். புல்டன் படகு கட்டிக்கொண்டிருந்தபோது கரையில் நின்றவர்கள் பரிகாசம் பண்ணினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பரிகாசத்தின் ருசி தெரிந்தவர்தான் ரெட்ஹெபரின் அறைக்குள் நுழைந்தார் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. புல்டனின் படகு எதையும் தின்னவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. பைன் மர விறகு அடுக்கு அடுக்காக உள்ளே போவதையும், புகையும் தீப்பொறியும் வெளியே வருவதையும் கரையில் நின்றவர்கள் யாவரும் பார்த்தார்கள். அவருடைய படகில் ஏறி ஆல்பனிக்குப் போனவர்கள் ஆல்பனியில்தான் இறங்கினார்கள். காட்சியைப் பார்த்து மெச்சுங்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. ஏறி உட்காருங்கள் என்றார்.

காட்சி வேறு, சோதனை வேறு. காட்சியில் இடம், நேரம், தூரம், வெளிச்சம் எல்லாம் காட்டுகிறவன் இஷ்டம். எந்த அறை பூட்டியிருக்க வேண்டும் என்பதும் அவன் இஷ்டந்தான். அங்கே போய் இமை கொட்டாமல் பார்த்தாலும், அவன் காட்டுவதைத்தான் இமை கொட்டாமல் பார்க்கிறோம். ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்றால் ஒருவன் ஏமாந்ததை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். சோதனையில் பூட்டுச் சாவி நம் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு மகா விஞ்ஞானியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிராவெசாண்டே மகா விஞ்ஞானிதான். பிலடெல்பியாவில் பொய்யைக் கண்டுபிடித்தவர்களோ கம்பி பின்னுகிற குடும்பத்துப் பிள்ளையும் ஒரு கடிகாரக்காரரும். பல் எப்படித் தேயும், வில் எங்கே ஒளியும், கைப்பிடி எப்படி ஓசையிடும் என்பதெல்லாம் கையால் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிகள். வேலை என்றால் யாரோ ஒருவர் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு மூச்சு விடுவது போல இயல்பாகத் தெரியும். சும்மா ஓடுகிறது என்று யாராவது சொன்னால், "சரி, யார் சுற்றுகிறார்கள்?" என்ற கேள்வி உடனே எழும்.

கட்டணம் கொடுத்தவர்கள் கேட்காத கேள்வி அது. நியூயார்க்கில் அந்தக் கேள்விக்குப் பதில் பரணில் உட்கார்ந்திருந்தது. கீழே அறிவாளிகள் வியந்தார்கள், வாதம் செய்தார்கள், சுளையாகப் பணம் விழுந்தது. மேலே ஒருவர் ரொட்டித் துண்டைக் கடித்தபடி சுற்றிக்கொண்டிருந்தார். சாப்பிடுவதற்குக் கூட இரண்டு கையையும் அவரால் எடுக்க முடியவில்லை; எடுத்தால் நித்திய இயக்கம் நின்றுவிடும். புல்டன் கீழே சலாகைகளைத் தட்டி எடுத்த பிறகும், கூட்டம் படியேறி வந்து கதவை உடைக்கிற வரையிலும், அவர் சுற்றிக்கொண்டேதான் இருந்தார். கோல்டன் புல்டனின் பெயரை எழுதினார். ரெட்ஹெபரின் பெயரை எழுதினார். அந்தக் கிழவரின் பெயரை எழுதவில்லை.